ஆட்டுக்குட்டிக்கு ஒரு சட்டை

சில வருடங்களுக்கு முன் ஜவ்வாது மலையில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். மார்கழிக் குளிருக்கு அங்கே கதவைச் சாத்திய வீட்டுக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்குவார்கள். புகை தெரியாவிட்டாலும் அது மூச்சடைத்துக் கொன்றுவிடும். இந்த எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதி, பெருமையோடு வாசித்தேன்.

மல்லிகா எழுந்தாள். "நெருப்பு எங்களுக்கு இல்ல டீச்சர், ஆட்டுக்குட்டிக்கு. இல்லன்னா அது வெறச்சிப் பூடும். இன்னா பண்றது?"

நான் எழுதியதில் ஆடே இல்லை. திகைத்துப்போய், "நீயே சொல்லேன்" என்றேன்.

"கோணியில சட்டை தெச்சிப் போடலாம் டீச்சர்."

அன்றே மாற்றி எழுதினேன். இம்முறை ஆட்டுக்குட்டியே பேசியது: "எனக்கு நெருப்பு வேண்டாம், சட்டை போதும். நெருப்பை வெளியே வைத்துவிட்டு நீங்களும் பத்திரமாகத் தூங்குங்கள்." பிள்ளைகள் அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

அடுத்த வாரம் பனி விலகாத பாதையில் கோணிச் சட்டை போட்ட குட்டிகள் துள்ளிக்கொண்டு போயின. மல்லிகாவின் குட்டி மட்டும் பள்ளிச் சீருடையில் இருந்தது. பட்டன்கூட ஒழுங்காகப் போட்டிருந்தாள்.

இப்போது திருப்பத்தூரில் இருக்கிறேன். குழந்தைகளுக்காக எதை எழுத உட்கார்ந்தாலும், இவர்கள் யாருக்காகப் பயப்படுகிறார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.