மூன்றாம் மாத அழைப்பு

எங்கள் காப்பகத்தில் அவளை ரெஜிஸ்டர் அக்கா என்போம். நாயோ பூனையோ, இங்கிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டின் ஜாதகம் அவள் மேஜையில் இருக்கும். முகவரி, போன் எண், வீட்டில் எத்தனை பேர், வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, எல்லாம். பதினோரு வருடமாக அதே நாற்காலி. அதற்கு ஒரு கால் ஆடும், அடியில் மடித்த அட்டை செருகியிருப்பாள். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். பாதியை அதில் ஏற்றினாள், மீதி இன்னும் நோட்டில்தான்.

நான் வேன் ஓட்டுகிறவன். தெருநாயைக்கூடப் பிடித்துவிடலாம், நாயை வாங்கிப்போன மனிதரைப் போனில் பிடிப்பதுதான் பெரும்பாடு. வாங்கும்போது தேனொழுகப் பேசுவார்கள். பிறகு கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். ஒருவர் மூன்று வாரமாகக் குளித்துக்கொண்டே இருந்தார். எப்போது கேட்டாலும் அவர் மனைவி அதையேதான் சொன்னாள்.

அழைப்புக்கு அக்கா ஒரு கணக்கு வைத்திருந்தாள். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம். பேசியதும் தேதி போட்டு 'நலம்' என்று எழுதுவாள். நாயைத் தெருவில் விட்டவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பட்டியல். அதில் பெயர் ஏறினால் ஏறியதுதான். அவர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு பூனைக்குட்டிகூடக் கிடைக்காது.

அந்தத் தையல்காரர் வந்த அன்று நானும் அறையில் இருந்தேன். தனி ஆள், அறுபதைத் தாண்டியவர். வாங்க ஆளில்லாமல் இரண்டு வருடம் கூண்டில் கிடந்த 417-ஆம் எண் நாயை அவராகவே கேட்டார். அதன் மூக்கில் வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி. நின்ற இடத்திலேயே பொத்தான் என்று பெயர் வைத்துவிட்டார். கையெழுத்துப் போடும்போதுதான் தயங்கினார்.

"ஏம்மா, எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இது கதி என்ன?"

"மூணாம் மாசம் வரைக்கும் நான் கூப்பிடுவேங்க. முடியலைன்னா அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டி வரும், நாங்களே பாத்துக்கறோம்."

அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்றாம் மாதம் வந்த வாரம் அக்காவுக்கு நேரமே சரியில்லை. வீட்டுக்காரர் படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். விடிந்தால் சமையல், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு ஆபீஸ், மறுபடி ஆஸ்பத்திரி. பேசிப் பேசித் தொண்டையும் கட்டிவிட்டது. அன்று மாலை பதினோரு அழைப்புகள் பாக்கி. அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட நான் வேனில் காத்திருந்தேன். இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். அப்புறம் உள்ளே போய், "எழுதிட்டு வாங்கக்கா, யாரு பாக்கப்போறா" என்றேன். அவள் ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு பதினோரு 'நலம்' வரிசையாக எழுதி நோட்டை மூடினாள்.

இரண்டு மாதம் கழித்துச் சந்தை வாசலில் ஒரு நாயைப் பிடித்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது, பின்னங்காலில் புண். கழுத்துப்பட்டையில் 417.

காப்பகத்தை நடத்தும் டாக்டரம்மா புண்ணைக் கழுவிவிட்டு வந்து நோட்டைக் கேட்டார். மூன்று 'நலம்' வரிசையாக இருந்தன. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதம் நல்லவர் வேஷம் போட்டுவிட்டு, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்றதும் விரட்டிவிட்டிருக்கிறான் என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார்.

அக்கா மூடியைக் கழற்றினாள். அவள் எழுதினால் விஷயம் அதோடு முடிந்துவிடும், எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதருக்குப் பொத்தான் இந்த ஜென்மத்தில் கிடையாது. எழுதாவிட்டால் அவள் நாற்காலி போகும். எழுதித் தொலையேன் என்றுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நினைத்தேன்.

அவள் மூடியைத் திரும்பப் போட்டாள்.

"மூணாவது நலம் பொய், டாக்டர். நான் கூப்பிடவே இல்ல."

அன்றைக்கு எழுதிய பதினொன்றும் அப்படித்தான் என்று அதையும் சொன்னாள். வீட்டுக்காரரின் காலைப் பற்றிச் சொல்லவில்லை. ஹாரன் அடித்தவனைப் பற்றியும் சொல்லவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, போனை அவள் பக்கம் தள்ளி, "இப்ப கூப்பிடுங்க" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டாள். தையல்காரரின் தம்பி எடுத்தார். இரண்டரை மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் ஒரு கையும் போய்விட்டன என்றார். நாயைப் பக்கத்து வீட்டில் கட்டியிருந்தார்களாம், போன மாதம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். அண்ணன் இப்போதுதான் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாராம்.

"ஆஸ்பத்திரில போனைக் கையை விட்டுக் கீழ வைக்கவே மாட்டேன்னுட்டாருங்க. எதைக் கேட்டாலும் மூணு விரலைக் காட்டுவாரு. மூணு மணி மாத்திரையைக் கேக்கறாருன்னு நாங்க நெனச்சோம்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். காப்பகத்திலிருந்து பேசுவதாகவும், பொத்தான் எங்களிடம் இருப்பதாகவும் எப்படியோ சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் போன் கைமாறியது. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, நாக்கு குழற, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஏம்மா... மூணு மாசம்... ஆயிடுச்சா?"

அந்தக் குரலில் துளி கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஆயிடுச்சுங்க" என்றாள் அக்கா. "நான்தான் கூப்பிடல."

அவர் குணமாகும்வரை பொத்தான் இங்கேயே இருக்கும் என்றார் டாக்டரம்மா. உங்கள் விஷயத்தை நாளைக்குப் பேசிக்கொள்வோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்த 'நலம்' மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'கூப்பிடவில்லை' என்று எழுதினாள். அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினாள். இன்னும் பத்து இருந்தன. குரல் கம்மிப் போயிருந்தது.

"பாதி நம்பரை எங்கிட்டக் குடுங்கக்கா" என்று எதிரே உட்கார்ந்தேன்.