அக்கா முதலில் பூட்டிய பிரேக்

நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பல நாட்கள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இருந்திருந்தால் நல்ல ஏச்சு வாங்கியிருப்பேன். "எங்கை தொடங்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தால் நீ ஒருநாளும் தொடங்கமாட்டாய். எங்கை போகவேணும் எண்டு முதல் யோசி" என்பார். நான் போய்ச் சேரவேண்டிய இடம் எனக்குத் தெரியும். ஒஸ்லோ நகரின் வெஸ்ட்லியில் அக்கா குடியிருந்த மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ்க் கராஜிலிருந்து வெளியே ஏறும் அந்தச் செங்குத்தான ஏற்றம்தான் அது. ஆனாலும் உறவினர் கைக்குப் போகும் மலர் என்பதால் முறைப்படி பிறந்த ஊரிலிருந்தே வருகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்காவற்துறையில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. போர் எங்களைத் தீவிலிருந்து கிளப்பியபோது அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு இடத்துக்கு இடம் அலைந்தவர் அவர். அத்தானைக் கைப்பிடித்து ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, இரவில் சுரங்க ரயில் பெட்டிகளைத் துடைக்கும் வேலை கிடைத்தது. துடைத்த ரயிலைத் தானே ஓட்டவேண்டும் என்று அங்கேயே ஆசை பிடித்துக்கொண்டது. மொழி போதாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை போனார். அடுத்த வருடம் ஐந்தாம் இலக்க ரயிலின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சீருடையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டிய முதல் நாள், ஸ்டோவ்னரில் ஏறி வெஸ்ட்லியில் இறங்க எங்கள் சனம் கூட்டமாக வந்தது. ஒரே ஒரு நிலையத் தூரம்தான். அதற்கும் சிலர் அழுதார்கள்.

என்னை நோர்வேக்கு எடுப்பித்ததும், வீட்டில் வைத்துச் சோறு போட்டதும், கலியாணம் கட்டி வைத்ததும் அக்காதான். இவையெல்லாம் ஊருக்கே தெரிந்தவை. ஊர் சிரித்த கதையைத்தான் நான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுக் கோடையில் நாங்கள் எல்லோரும் ஸ்ட்ரோபெரி பிடுங்க ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். மழை வரவே தோட்டக்காரரின் வைக்கோல் கொட்டிலுக்குள் ஒதுங்கினோம். அங்கே வைக்கோலுக்கு நடுவில், நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக ஒரு பழைய அமெரிக்கக் கார் கிடந்தது. எட்டுச் சிலிண்டர் கொண்ட, மசில் கார் என்று சொல்லப்படும் இனம். என்ஜின் தனியாகக் கழற்றி ஒரு மூலையில் வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் கோழிக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மழை விட்டதும் எங்கள் கையில் ஸ்ட்ரோபெரி வாளி இருந்தது. அக்காவின் கையில் சாவி வளையத்தோடு கார்த் திறப்பு இருந்தது. இடத்தைக் காலியாக்கினால் போதும் என்று தோட்டக்காரர் அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"இஞ்சருங்கோ, இனி ஒண்டும் சொல்லாதேங்கோ. வாங்கியாச்சு" என்றார் அத்தானிடம்.

அத்தான் பொல்லாத மனிதர் அல்ல. இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார், மூன்றாம் நாள் அக்காவை விட அவருக்குத்தான் அந்தக் காரில் பைத்தியம். இழுவை லொறியில் கொண்டுவந்து கராஜில் இறக்கியதும், எங்கள் வழக்கப்படி முதலில் செய்யவேண்டியதைச் செய்தார். வண்டியை ஆசீர்வதிக்க எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சுவாமியாரை அழைத்தார். றோல்ஸ், கட்லட், கேக் எல்லாம் நிலக்கீழ்க் கராஜில் மடிப்பு மேசையில் பரப்பப்பட்டன. சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க முன்னால் வந்து, காரின் முன்மூடியான பொனற்றைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். உள்ளே நிலம் தெரிந்தது.

"என்ஜின் எங்கை?" என்று கேட்டார் சுவாமியார்.

படுக்கை விரிப்பால் மூடி மூலையில் வைத்திருந்ததை அத்தான் காட்டினார். சுவாமியார் அங்கும் போய்த் தெளித்துவிட்டு, "ரெண்டையும் கெதியாய்ச் சேத்து வையுங்கோ" என்று கலியாணப் பேச்சுப்போலச் சொன்னார். அன்றைக்குச் சிரிக்கத் தொடங்கிய சனம் ஒன்றரை வருடம் சிரித்தது. கோயில் வாசலில், கலை விழாவில், செத்த வீட்டில்கூட, "அக்காவின்ரை கார் எப்பிடி? ஓடுதோ?" என்று கேட்பார்கள். கார் ஓடவில்லை. எங்கே தொடங்குவது என்ற பேச்சுத்தான் ஓடியது.

அந்தப் பேச்சுக்கு ஒருநாள் முடிவு வந்தது. இயங்காத, இலக்கத் தகடில்லாத வாகனங்கள் தீ ஆபத்து என்று குடியிருப்புச் சங்கம் அறிவித்தது. வசந்தகாலத் துக்னாட் நாளுக்குள், அதாவது குடியிருப்போர் எல்லோரும் கூடி வளவைத் துப்புரவாக்கும் நாளுக்குள், கார் தன் சொந்தப் பலத்தில் கராஜை விட்டு வெளியேற வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே பழைய இரும்புக்காரரின் லொறி ஏற்றிக்கொண்டு போகும். அப்போது பனி கொட்டும் மாரிகாலம் பாதி போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அக்கா வீட்டில் கூடினோம். அத்தான் தயாராக இருந்தார். "முதல்ல சிவப்புப் பெயின்ற் அடிப்பம். பாக்கிற சனம் நிறத்தைத்தானே பாக்கும்? வடிவாய் இருந்தால் சங்கக்காரரும் இரங்குவினம்."

நான் விடவில்லை. "என்ஜினை ஏத்துவம் அக்கா. ஒருக்கால் உறுமிச்சுதெண்டால் எல்லாருக்கும் உசார் வரும்."

கீழ்த்தளத்து தெர்யேயும் வந்திருந்தார். அமெரிக்கக் கார் என்றால் உயிரை விடும் நோர்வேஜியர்களில் ஒருவர். அந்த இனத்திலேயே ஒரு கார் அவரிடமும் உண்டு. அவர் நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னார்: "கடைசி ஆணி வரை கழற்ற வேண்டும். வெறும் தகடாக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். சரியான முறை அது ஒன்றுதான்."

அக்கா தேநீரை ஊற்றிக்கொண்டே அவரிடம் கேட்டார்: "உங்கள் காரில் கடைசியாக எப்போது போனீர்கள்?"

தெர்யே விரல்விட்டு எண்ணினார். அவருடைய கார் பல வருடங்களாகக் கழற்றியபடி பெட்டிகளில் கிடந்தது. மகன் பிறந்தபோது கழற்றத் தொடங்கினாராம். மகன் அப்போது தூரத்து நகரமான ஸ்தவாங்கரில் வேலை செய்துகொண்டிருந்தான்.

அக்கா கேத்தலை வைத்தார். "எல்லாரும் எங்கை தொடங்கிறது எண்டு கதைக்கிறியள். எங்கை போறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப எங்கையம்மா போறது?" என்று கேட்டது மருமகள் நிரோஷி, அக்காவின் ஒரே மகள்.

"அந்த ஏத்தம். முதல் பயணம் அவ்வளவுதான். அதில ஏற என்ன வேணுமோ அதை மட்டும் செய்வம். என்ஜின் வேணும், ஓம். ஆனால் பாதி ஏத்தத்தில என்ஜின் நிண்டுபோனால்? அதால முதல் பிரேக்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு என்று வாய்விட்டே கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, நாள் முழுக்க நான் ரயிலை ஓடவைக்கிறதுக்கோ சம்பளம் வாங்கிறன்? நிப்பாட்டிறதுக்கு."

அத்தோடு பேச்சு முடிந்தது, வேலை தொடங்கியது. முதல் வாரம் அக்கா எதையும் கழற்றவில்லை. டோர்ச் லைட்டும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்து, இரும்பை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். திருப்புளி உள்ளே போன இடமெல்லாம் துரு. சாரதியின் காலடித் தகட்டில் ஒரு ஓட்டை இருந்தது, என் கை நுழையும். ஆனால் காரைத் தாங்கும் சட்டங்கள் உறுதியாக இருந்தன. "முதுகெலும்பு நல்லாயிருக்கு" என்று முகமெல்லாம் கறுப்பாக வெளியே வந்து சிரித்தார். ஓட்டைக்குத் தகடு ஒட்டினோம். பிறகு பிரேக் குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒன்றைக் கழற்றினால் அதைத் திரும்பப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடலாம் என்பது அக்காவின் சட்டம். கழற்றியதைப் போட்டுவைக்கும் பெட்டி ஒன்றுகூடக் கராஜுக்குள் வரக்கூடாது.

சக்கரப் பிரேக்குக்கான சில பாகங்களை அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. வந்து சேர மாதங்கள் ஆகும் என்றார்கள். நாங்கள் வாடிப்போய் நின்றபோது தெர்யே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். அவர் தன் காருக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த புதிய பாகங்கள். "என் கார் இந்த வருடமும் ஓடப்போவதில்லை" என்று சொல்லி மேசையில் வைத்தார். அக்கா அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தார். தெர்யே வெட்கத்தில் சிவந்துபோனார்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் முடிந்த பிறகே என்ஜினுக்குக் கைவைக்க என்னை விட்டார். ஏற்றிப் பூட்டி, பெற்றோல் குழாய் மாற்றி, துக்னாட்டுக்கு முந்திய நாள் அது முதன்முதலாக உறுமியது. உறுமல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இருமல். கராஜ் முழுவதும் புகை. சுவாமியார் தெளித்த தீர்த்தம் அன்றைக்குத்தான் வேலைசெய்தது என்று அத்தான் குதித்தார்.

துக்னாட் நாள். வளவில் மண்வெட்டிகளோடும் குப்பைப் பைகளோடும் கட்டடமே கூடியிருந்தது. சோமாலியர், பாகிஸ்தானியர், வியட்நாமியர், நோர்வேஜியர், எங்கள் சனம். ஒரு பக்கம் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தின் உச்சியில் இரும்புக்காரரின் லொறி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் நான் கீழே ஓடினேன்.

கீழே காரில் ஏறிய அக்கா கதவைச் சாத்துமுன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வண்டிக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கப்படாது."

எங்கள் ஆட்கள் கேட்பார்களா? கார் ஏற்றத்தில் மூக்கை வைத்ததும், அத்தானும் நானும் இன்னும் சிலரும் பின்னால் ஓடிப்போய்த் தள்ளுவதுபோல் கையை வைத்துக்கொண்டு கூடவே ஏறினோம். பாதி வழியில் என்ஜின் இருமியது. இன்னொருமுறை இருமியது. நின்றுவிட்டது.

அந்தச் சத்தமின்மையை நான் மறக்கமாட்டேன். ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட இரும்பு, செங்குத்தில், எங்கள் நெஞ்சுக்கு நேரே. இரண்டு பக்கமும் கொங்கிரீட் சுவர், ஒதுங்க இடமில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிவிட்டார்.

கார் அசையவில்லை. ஒரு விரற்கடைகூடப் பின்னால் வரவில்லை.

அக்காவின் தலை கண்ணாடிக்கு வெளியே வந்தது. "நான் சொன்னனானெல்லோ பின்னால நிக்கவேண்டாம் எண்டு! இறங்குங்கோ கீழை, எல்லாரும்!" அவர் கால் பிரேக்கை விட்டு எழும்பவே இல்லை. நாங்கள் கீழே இறங்கி ஒதுங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளித் திறப்பைத் திருப்பினார். இருமல். மறுபடி திருப்பினார். இம்முறை உண்மையாகவே உறுமியது. வளவே அதிரும்படி உறுமிக்கொண்டு, துருப்பிடித்த அந்த அழகி ஏற்றத்தின் உச்சிக்கு ஏறி வெயிலுக்குள் போய், இரும்புக்கார லொறியின் முகத்துக்கு முன்னால் பிசகாமல் நின்றது.

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. இரும்புக்காரர் இறங்கிவந்து பொனற்றைத் தட்டிக்கொடுத்து, ஒரு வாஃபிளையும் தின்றுவிட்டு வெறும் லொறியோடு போனார். சங்கத் தலைவி அக்காவிடம் ஒரு சுற்றுக் கேட்டார். அத்தான் ஒரு மூலையில் நின்று அழுதார். சிவப்புப் பெயின்ற் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கார் பிறகு சோதனையில் சித்தியடைந்து இலக்கத் தகடும் பெற்றது. ஆனால் நிறம் அன்றைக்கு ஏறிய நிறம்தான். அடுத்த கோடையில் அக்கா அதில் ஸ்தவாங்கர் வரை போய், தெர்யேயின் மகனின் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்து, படமும் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்த தெர்யே அன்றே தன் முதல் பெட்டியைத் திறந்தார்.

கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நோய் வந்தது, அக்கா அதோடும் முறையாகச் சண்டை பிடித்தார். மருத்துவமனைக்கு நான் அந்தக் காரில்தான் போவேன். படுக்கையில் என்னைக் கண்டதும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பிரேக் போட்டனியோ?" பேச்சுக் குறைந்த நாட்களிலும் அதைக் கேட்டார். அத்தானின் கையைப் பிடித்தபடி, மகளின் செபத்தைக் கேட்டபடி, அமைதியாக இறைவனிடம் போனார். என் அக்காவைப்போல ஒரு மனிதரை நான் இனிக் காணமாட்டேன்.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், அக்காவின் பணி நேரத்தைத் தாங்கள் எடுத்து அவருக்கு ஓய்வு கொடுத்த ரயில் சாரதிகள், இரவில் விழித்திருந்த தாதியர், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியார், கல்லறையில் பாடிய பாடகர் குழு, சவ ஊர்வலத்தில் தன் காரை ஓட்டி வந்த தெர்யே ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. ஆம், தெர்யேயின் கார் இப்போது ஓடுகிறது.

அக்காவின் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, மதிய போசனத்துக்கு வெஸ்ட்லிக்கு வாருங்கள். சாரதி உரிமம் எடுத்துவிட்ட நிரோஷி, தாயின் காரை அதே ஏற்றத்தில் ஏற்றப் போகிறாள். பாதி வழியில் வேண்டுமென்றே என்ஜினை நிறுத்தப்போவதாகவும் சொல்கிறாள். அத்தான் வேண்டாம் என்கிறார். நான் அவளை அவள்பாட்டில் விடச் சொல்லியிருக்கிறேன். வண்டி நிற்கும். அது அக்கா பூட்டிய பிரேக்.