ரஹீமுன்னிசாவும் இத்தாலி மெஷினும்

கறக்... கறக்... கறக்...

என் எழுத்தறையிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. நான் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, மடியில் தலையணையும் அதன்மேல் காகிதமுமாக, என் தொடர்கதையின் நாயகியை ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழவைத்துக்கொண்டிருந்தேன். பாதி விழுந்திருந்தாள்.

"ரைட்டர்க்கா! வந்து இந்தக் கண்றாவிய பாரு!"

எதிர்வீட்டு ரஹீமுன்னிசாவின் குரல். நாயகியை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினேன்.

என் எழுத்து மேசையின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்ற இத்தாலி மெஷினிலிருந்து மைதா மாவுத் தகடு ஒன்று பாதி வெளியே வந்து தொங்கியது. அதன் ஓரம் நெடுக, கண்ணுக்கு மை இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. ரஹீமா அதை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"கிரீஸு. யாரு வெச்சது?"

எங்கள் வீட்டில் கிரீஸ் வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். துறைமுகத்துக் கிரேன்களுக்கு கிரீஸ் வைத்தே தலை நரைத்தவர். என் கணவர் வெள்ளத்துரை பல் குத்திக்கொண்டே வந்து நின்றார்.

"நான்தான் வெச்சேன். ரஹீமா தொழுவப் போனப்போ வெச்சேன். காலையிலேர்ந்து கத்திகினே கீது. பல்சக்கரம் அழுவுறத கேட்டுகினு ஒரு மனுசன் எப்படி சோறு துன்றது?"

"அண்ணாத்தே, இது சமோசா பட்டி போடற மெஷினு. கப்பல்ல மூட்டை எறக்குற கிரேனா?"

"சக்கரம்னா சக்கரம்தாம்மா. சின்னது, பெருசு, அவ்ளோதான்."

"அந்த கிரீஸ்ல இன்னா கொழுப்பு கீது?"

அவர் பல் குத்துவதை நிறுத்தினார். "அது... டின்னுல வரும்."

"டின்னுக்குள்ள? மாடா, பன்னியா, மண்ணெண்ணெயா? இத்த நோன்பு தொறக்கறவங்க வாயில வெக்கணும்ண்ணா."

மத்தியானத்துக்கு மேல் போட்ட தகடுகள் எல்லாம் ஈரத்துணிக்கு அடியில் அடுக்காக இருந்தன. காலையில் போட்டவை பழகுவதற்காகப் போட்டவை. கிழிந்தும் தடித்தும் போனவை. மத்தியானத்துக்கு மேல்தான் கை படிந்து வந்தது. கிரீஸ் எதில் பட்டதோ, எதில் படவில்லையோ என்று ரஹீமா அந்த அடுக்கை அப்படியே தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

டீக்கடை லியாகத் அலி பாய் அவற்றைப் பார்க்கத்தான் அன்று மாலை வருவதாக இருந்தார்.

ரஹீமுன்னிசாவைப் பற்றி எழுதுவதில் எனக்குள்ள பெரிய கஷ்டம், அவள் அழமாட்டாள். அவள் கணவர் அலி அக்பர் எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டினவர். நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆறுதல் சொல்ல நான் போனேன். போன இடத்தில் நான்தான் அழுதேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "சர்க்கரை போதுமாக்கா?" என்று வேறு கேட்டாள். இப்படிப்பட்ட பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு தொடர்கதை எழுத்தாளர் எப்படிப் பிழைப்பது?

பிள்ளைகள் இல்லை. வருஷம் முழுவதும் பாவாடைக்கு நாடா கோப்பது, நைட்டிக்கு ஓரம் அடிப்பது என்று கிடைத்ததைச் செய்வாள். ஆனால் அவளை ராயபுரத்தில் தனி வீட்டில் நிற்கவைத்தது ரமலான் மாதம்தான். வண்ணாரப்பேட்டையில் லியாகத் அலி பாயின் டீக்கடைக்கு, நோன்பு மாதம் முழுவதும் வெங்காய சமோசாவுக்கான பட்டி அவள்தான் கொடுப்பாள். பட்டி என்றால் சமோசா மடிக்கும் மெல்லிய மாவுத் துண்டு. அதைக் கீழே வைத்த பேப்பரில் உள்ள எழுத்து தெரியுமளவுக்குக் கட்டையால் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனி பூரிக்கட்டையைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இது தெரிந்ததும் மீஞ்சூரிலிருந்து அவள் அண்ணன் வந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்களோடு வந்துவிடச் சொன்னார்.

"அண்ணன் தங்கமானவருதான்க்கா," என்றாள் ரஹீமா. "ஆனா அங்க நான் காலை நீட்டி உக்காரணும்னா யாரு வராங்கன்னு வாசலைப் பாக்கணும். இங்க நீட்டினா செவுருதான் பாக்கும்."

நோன்பு நெருங்கும் நேரத்தில் கை விஷயம் வண்ணாரப்பேட்டை வரை போய்விட்டது. கம்பெனிப் பட்டி பாக்கெட்டிலேயே கிடைக்கிறது, ஆனாலும் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று லியாகத் அலி பாய் ஆள் அனுப்பினார். ஆர்டர் போனால் ரஹீமா மீஞ்சூர் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் எனக்குப் பீரோ மேலிருந்த பெட்டி ஞாபகம் வந்தது. என் தங்கை சில்வியா இத்தாலியில் நர்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவள், கையால் சுற்றிப் பாஸ்தா செய்யும் மெஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பெட்டியைப் பிரிக்காமலேயே அதை என் தொடரில் சேர்த்துவிட்டேன். நாயகி வெளிநாட்டில், கண்ணீர் மாவில் சொட்டச் சொட்ட, இடது பக்கக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே தாயை நினைக்கிறாள். பெட்டியைப் பிரித்தபோது கைப்பிடி வலது பக்கம்தான் இருந்தது. நல்லவேளை, வாசகர்கள் யாரிடமும் அந்த மெஷின் இல்லை.

அதை எதிலாவது கவ்வவைத்து இறுக்க வேண்டும். சமையல் மேடை சுவரோடு ஒட்டிக் கட்டியது, கவ்வ இடமில்லை. என் கணவர் தாராளமாகத் தன் கேரம் போர்டைக் கொடுக்க முன்வந்து, அடுத்த மூச்சில் மனசு மாறினார். கடைசியில் என் எழுத்து மேசைதான் மிஞ்சியது. கண்ணீரைத் தவிர வேறெதையும் தயாரித்திராத மேசை அது. முதல்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

ரஹீமா மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, கைப்பிடியை இடது கையால் சுற்றினாள். பரோட்டா மாவுபோலப் பிசைந்த முதல் மாவு உருளையில் அப்பிக்கொண்டது. கெட்டியாகப் பிசைந்தது வெடித்தது. மூன்றாவதாகப் பிசைந்ததை, உருளைகளை நெருக்கும் திருகின் ஒன்றாம் எண்ணில் விட்டு, மடித்து, மறுபடி விட்டு, பட்டுபோல ஆனபிறகு எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றினாள். எண் ஏற ஏறத் தகடு மெலிந்தது. மெலிய மெலிய நீண்டது. அதை வாங்கிக்கொள்வது என் வேலை.

"வாங்குக்கா! வாங்கு வாங்கு! மடங்குது பாரு!"

"எங்கே பிடிப்பது?"

"கொயந்தைய ஏந்துற மாதிரி ஏந்துன்னேன். நீ இன்னா, புடவை காயப்போடற மாதிரி தொங்கவுடற!"

ஒரு தகடு என் தோளில் விழுந்தது. இன்னொன்று மூக்குக்கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கடைசி எண்ணில் கிழிந்தது. அதற்கு முந்தைய எண்ணில் நின்றது. மத்தியானத் தொழுகை முடிந்து வந்து அவள் போட்ட தகடுகளைப் பார்த்து நான் கைதட்டினேன்; பத்திரிகைக்கு நேரமாகிறதென்று கடைசி உருண்டையை அவளிடமே விட்டுவிட்டு எழுதப் போனேன். அதற்குள்தான் கிரீஸ் அதன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

"ஓரத்த வெட்டிட்டு நடுவுல காட்டேம்மா," என்றார் என் கணவர், குற்ற உணர்ச்சியில் குரல் தேய்ந்து.

"ஆமாம் ரஹீமா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன் நானும்.

"பாய் ஒரு துண்டைக் கிள்ளி வாயில போட்டுப் பாப்பாரு. எப்பவும் பாப்பாரு. போடும்போது நான் பாத்துகினு நிக்கணுமா?"

மறுபடி மாவு பிசைந்து, மெஷினைச் சுத்தம் செய்து போட நேரமில்லை. ரஹீமா கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு, தலைக்குத் துப்பட்டா எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனாள். அந்தச் சமயத்தில்தான் லியாகத் அலி பாய் படியேறி வந்தார். வெள்ளைத் தாடி, அத்தர் வாசனை, மூச்சு வாங்கல். நாற்காலியில் உட்கார்ந்தார்.

காட்டுவதற்குப் பட்டி இல்லை. ஆனால் என்னிடம் ஒரு நாக்கு இருந்தது. இருபது வருஷமாகத் தாய்மார்களை அழவைத்த நாக்கு. இதற்கு இல்லாவிட்டால் வேறு எதற்கு?

"பாய்," என்று ஆரம்பித்தேன். "அந்தக் கை எத்தனை நோன்பாளிகளின் பசிக்காகத் தேய்ந்த கை தெரியுமா? இன்று ஒரு டம்ளரைத் தூக்க முடியாமல் நடுங்குகிறது..."

ரஹீமா காலையில் என் வீட்டு சிலிண்டரை இடது கையால் உருட்டிக்கொண்டு போனதை நான் சொல்லவில்லை. விதவை என்றேன். நாதியில்லை என்றேன். மீஞ்சூர் அண்ணனை, பாவம், ஒரே வரியில் கொடுமைக்காரராக்கினேன். என் கணவர் பாயின் முதுகுக்குப் பின்னால் நின்று 'போதும் போதும்' என்று கையை ஆட்டினார். கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன். என் குரல் உடைந்தது. கண்ணீர் தானாகவே வந்தது. எனக்கு அது எப்போதும் தாராளம். பாய் கைக்குட்டையை எடுத்தார்.

அந்த நேரத்தில் ரஹீமா உள்ளே வந்தாள். பாய் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, இவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியாமப் போச்சும்மா. இனிமே நீ ஒண்ணும் பண்ணக் கூடாது. பட்டி வேலைய வுட்டுடு, நான் கம்பெனிப் பட்டி வாங்கிக்கறேன். இந்த வருசம் என் ஜகாத்துல உன் பேருதான் மொதல்ல. அரிசி, எண்ணெய், துணிமணி, எல்லாம் உன் வூடு தேடி வரும்."

ரமலானில் வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்கென்று ஒதுக்கிக் கொடுக்கும் பங்கு அது. நான் பேசிய பேச்சில், பட்டி கொடுப்பவளாக இருந்த ரஹீமா, தர்மம் வாங்குபவளாக மாறிப்போனாள். என் வாழ்க்கையில் இவ்வளவு வெற்றிகரமான அத்தியாயம் நான் எழுதியதில்லை.

"நான் கஷ்டப்படறேன்னு யாரு பாய் சொன்னது?"

பாய் என்னைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தேன். மாதாவும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா நல்லவங்க," என்றாள் ரஹீமா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "வாய்தான் பேஜாரு. பாய், ஜகாத் வாங்கறது ஒண்ணும் தப்பில்ல. மெய்யாலுமே வேணுங்கறவங்க எங்க தெருவுல கீறாங்க, நான் காட்டறேன். என் பேரு அதுல வேணாம். ஒரு கைதான் வீங்கிகீது. இன்னொண்ணு சோக்கா கீது."

"அப்போ பட்டி எங்கம்மா? காட்டு."

"இல்ல பாய். குப்பையில கீது."

கிரீஸ் கதையை அவள் அப்படியே சொன்னாள். ஒரு சொல் கூடுதலாக இல்லை. நானாக இருந்தால் அதற்கே மூன்று வாரம் எடுத்திருப்பேன். பாய் எழுத்தறைக்குப் போய்க் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு மெஷினில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டுத் தகட்டை மெதுவாக உருவி, கூடத்துக்குக் கொண்டுவந்தார். தரையில் கிடந்த என் காகிதத்தை எடுத்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் தகட்டை விரித்தார். குனிந்து படித்தார்.

"'தள்ளாடினாள்... கால்கள்... துவண்டன...' யாருக்கும்மா இன்னா ஆச்சு?"

"அது ஒண்ணுமில்லை பாய்," என்றேன்.

"எழுத்து தெரியுது," என்றார் ரஹீமாவிடம். ஒரு கீற்றாகக் கிழித்து, விரல்களாலேயே மடித்து முக்கோணமாக்கினார். மூலையில் வெடிப்பு இல்லை. அவிழ்த்தார், மறுபடி மடித்தார். "சுத்தறது யாரு?"

"நான். இடது கையால."

"ஏந்தி வாங்கறது?"

"ரைட்டர்க்கா."

பாயின் முகத்தில் கவலை தெரிந்தது. "இவங்க பேசாம வாங்குவாங்களா?"

"நான் பாத்துக்கறேன் பாய்."

"மெஷின கயட்டிக் கழுவணுமே."

"தண்ணீர் படக்கூடாது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது," என்றேன், ஏதாவது உபயோகமாகச் சொல்ல வேண்டுமே என்று.

"இத்தாலிக்காரனுக்கு நம்ம அண்ணாத்தே கிரீஸப் பத்தி இன்னா தெரியும்?" என்றாள் ரஹீமா.

"நான் பார்ட் பார்ட்டா கயட்டறேன்," என்று என் கணவர் கையை உயர்த்தினார். "நீ உன் கையால கழுவு. ஒடனே தொடச்சி அடுப்பாண்ட காய வெச்சா துரு புடிக்காது. அப்பால நல்லெண்ணெய்தான். என் டின்ன இந்த ரூம் பக்கமே கொண்டார மாட்டேன்."

பாய் தகட்டை மடித்த மடிப்போடு குப்பைத் தொட்டியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். ரஹீமா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் எதற்காகவாவது பதறி நான் பார்த்தது அப்போதுதான்.

"கம்பெனிக்காரன் எத்த குப்பையில போட்டான், எத்த பாக்கெட்ல போட்டான்னு எனக்குத் தெரியாது," என்றார் பாய். "மொத பத்து நோன்புக்கு உன் பட்டி. பாக்கி இருபதுக்கு, கை எப்படி கீது, மெஷினு எப்படி கீதுன்னு பாத்துட்டு சொல்றேன். இப்பவே வாக்கு குடுக்கல."

"பத்து போதும் பாய். அப்பால நீங்களே கேப்பீங்க."

"அதையும் பாக்கலாம். தெருவுல வேணுங்கறவங்க கீறாங்கன்னியே, நாளைக்கு ஆள் வருவான், அவங்க வூட்ட காட்டு."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரைட்டரம்மா, நல்லாத்தான் பேசறீங்க. ஒரே ஒரு உதவி. எங்க வூட்டம்மா இங்க சர்ச் பக்கம் எங்கனா உங்களப் பாத்தா, பேச்சு குடுக்காதீங்க. கடையவே தானமா எழுதிக் குடுன்னு நிப்பாங்க."

நான் வாயைத் திறந்தேன். ரஹீமாவின் இடது கை என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"போய்ட்டு வாங்க பாய், பாத்து எறங்குங்க," என்று சொல்லி, அவர் கடைசிப் படி இறங்கும்வரை கூடக் காத்திராமல், என் வீட்டுக் கதவை அவளே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.