கடை லைனில் போன கேள்வி

சூடான தட்டின்மேல் போனைக் கவிழ்த்து வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து, உடைந்த கண்ணாடியைப் பிரித்தெடுத்தன சமரீனின் கைகள்.

"கீழ விழுந்த போன் மூலையில ஒடையும். இது நட்ட நடுவுல ஒடஞ்சிருக்கு. எதால அடிச்ச, கலைமதி?"

"அம்மிக் கொழவியாலக்கா. வேற எப்படிக் கடைக்கு வர்றது? சும்மா வர விடுவாங்களா?"

சமரீன் சிரிக்கவில்லை. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாமனார் தாவூது கடிகாரம் பழுது பார்த்த மேசையில்தான் அவள் செல்போன் பார்க்கிறாள். எதைக் கண்டாலும் வெளியே சொல்லமாட்டாள் என்று பெயர். பெண்கள் தயங்காமல் போனை நீட்டுவார்கள்.

"வக்கீல் யாரு இருக்காங்கன்னு தேடினேன். அன்னிக்கே சோறு போடறப்ப கொழுந்தன் கேக்கறான், 'என்ன அண்ணி, வக்கீலெல்லாம் பாக்கறீங்க'ன்னு. போன் என்னை விட்டு நகரவே இல்லக்கா. அப்புறம் வூட்டுக்காரர் அடிச்ச அடி..." கலைமதி முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டாள். "பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு ஒரு விடுதியில எடம் கேட்டிருக்கேன். கெடச்சுதான்னு அவங்க வெப்சைட்டுல அப்பப்பப் பாக்கணும். அது தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவாங்க."

கொழுந்தன் குப்புராஜ்தான் ஊருக்கே இன்டர்நெட் கொடுக்கிறவன்.

"போன் எந்த வெப்சைட்டுக்குப் போறதா இருந்தாலும் மொதல்ல அதோட பேரைச் சொல்லி வழி கேக்கும்," என்றாள் சமரீன். "ஒம்போன் கேக்கறது ஒங்கொழுந்தனோட இன்டர்நெட் பெட்டிகிட்ட. கேட்ட பேரெல்லாம் அவனுக்குத் தெரியும். டேட்டா போட்டுக்கக் கூடாதா?"

"வூட்ல வைஃபை இருக்கறப்ப எதுக்குங்கறாங்க."

புதுக் கண்ணாடி ஒளிர்ந்தது. ஒரே ஒரு பிரவுசரில் மட்டும், வெளியிலிருக்கும் வேறொருவரிடம் ரகசியமாக வழி கேட்கும்படி சமரீன் மாற்றினாள்.

"சீரியல், சமையலெல்லாம் பழையபடியே பாரு. எல்லாம் ஒரேயடியா நின்னா அவனுக்குச் சந்தேகம் வரும். விடுதியை மட்டும் இதுல பாரு. ஆனா கேக்கறதுதான் மறையும். போற எடத்தை வேற விதமா மோப்பம் புடிக்கலாம். பாத்ததும் மூடிரு."

கலைமதி தலையாட்டினாள். பசை காயும்வரை போன் கடையில் இருக்க வேண்டும்; வாங்கிப் போகக் கொழுந்தன்தான் வருவான். அதற்குள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட வேண்டும் என்று ஓடினாள்.

கலைமதியின் போனைக் கடை வைஃபையில் போட்டுப் பார்த்தாள் சமரீன். வேலை செய்தது. அப்போதுதான் கை நின்றது. ரகசியமாக வழி சொல்பவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் போன் பகிரங்கமாகக் கேட்டிருக்கும். கேட்டது கடை லைனில். கடை லைனும் குப்புராஜுடையதுதான்.

வழி சொல்பவரின் பெயரை அழித்துவிட்டு, அவருடைய இணைய முகவரியை எண்ணாகவே பதித்தாள். எண்ணுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. வீட்டில் போன் வாய் திறக்காது. ஆனால் கடையிலிருந்து போனது போனதுதான். தன் போனை எடுத்து, அதில் அந்தப் பெயரையே பதித்தாள். வாசலில் பைக் நின்றது.

"அண்ணி போன் ரெடிங்களாக்கா?" குப்புராஜ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கையிலிருந்த செல்லை ஆட்டினான். "ஒங்க லைன்ல இப்பப் புதுசா ஒரு பேரு வந்துச்சே. கேக்கறதையே மறைக்கற பார்ட்டி. யாருக்குங்க அது?"

"எனக்குத்தான் தம்பி." தன் போனை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஊர்ப்பட்ட போன் இந்த மேசைக்கு வருது. அதுங்க எந்த பேங்கைத் தேடுதுன்னு ஒங்க பெட்டிக்கு எதுக்குத் தெரியணும்?"

அவன் செட்டிங்கைப் பார்த்தான். பிறகு அவளை, அதைவிட நேரம் எடுத்துப் பார்த்தான்.

"அப்ப நம்மள நம்பலைங்கறீங்க."

"நான் கதவுக்குத் தாப்பா போட்டா, பக்கத்து வூட்டுக்காரரைத் திருடன்னு சொன்ன மாதிரியா தம்பி?"

"நல்லாப் பேசறீங்க." எழுந்தான். "நாளைக்கு லைன் போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது, ஆமா. அண்ணி போனையும் வூட்டுல நானே ஒரு தடவை பாத்துக்கறேன்."

கையை நீட்டினான். சமரீன் துணியால் புதுக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தாள், தன் விரல் பட்ட தடம் எதுவும் இல்லாதபடி.

"பாத்து எடுத்துட்டுப் போங்க. மறுபடி ஒடஞ்சா தாங்காது," என்று அந்தக் கையில் வைத்தாள்.