பதினொரு நாள் பூட்டிக் கிடந்த வீடு

வீட்டை விற்பவர், கிரயம் முடியும் நாளில் அதைக் குடியாள் எவரும் இல்லாமல் காலியாக ஒப்படைக்க வேண்டும். வாங்குபவர், பத்திரம் பதிவாகும் முன்பே அங்கே குடியேறினால், விற்பவரின் உரிமையில் தமக்குச் சந்தேகம் ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டவர் ஆவார். இந்த இரண்டு விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பத்திரங்களைப் பதியும் பிரிவில் குமாஸ்தாவாக, இங்கே சொல்வதுபோல் கிராணியாக, சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். இரண்டும் நல்ல விதிகள்தாம். விதியை எழுதியவனும் வீட்டை வைத்திருப்பவனும் ஒரே உலகத்தில் வாழும் காலத்தில்.

இப்போது எங்கள் டவுனை ஒட்டிய புக்கிட் காதிலில் வரிசை வீடு வாங்கப் போகிறவர்கள் விண்ணப்பப் பாரங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வாசல் எந்தத் திசை என்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை. பழைய வீடு என்றால் தூணின் அடியில் ஓர் ஆணியை அழுத்திப் பாருங்கள் என்பேன். கறையான் இருந்தால் ஆணி சோற்றில் இறங்குவது போல இறங்கும். கிணற்றை மழை இல்லாத மாதத்தில் எட்டிப் பாருங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கேளுங்கள். கையில் இருக்கும் பத்திரத்தோடு நிற்காமல், அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று மூலம் வரை போங்கள். இதையெல்லாம் 1943இல் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டுக்கு நான் ஒன்று விடாமல் செய்தேன். அப்பழுக்கில்லாத வீடு. அது எனக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் கறையான் அல்ல, என் படிப்பு.

1942இல் வெள்ளைக்காரர்களை விரட்டிவிட்டு ஜப்பான்காரர்கள் வந்ததும் எங்கள் அரசாங்கக் குடியிருப்பைத் தங்கள் அதிகாரிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளியேற ஒரு நாள் அவகாசம். நானும் மனைவியும் செமாபோக்கில் அவளுடைய அக்காள் வீட்டுச் சாமான் அறைக்குப் போனோம். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. தேங்காய் மட்டைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் படுத்தோம். அடுத்த ஆண்டும் அங்கேதான் இருந்தோம். அப்போது அவளுக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்முன் தனக்கென்று ஒரு கூரை வேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

காஜா பெராங் வீடு, நாங்கள் நானா என்று அழைக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. டவுனில் மசாலைக் கடை வைத்திருந்தவர். கப்பல் வராமல் கடையில் விற்க ஒன்றும் இல்லாததால், கிளேபாங்கில் மருமகனோடு சேர்ந்து மரவள்ளி போடலாம் என்று குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். விலை பேசி முடித்தோம். அவருடைய தங்கை, கணவனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த வீட்டின் அடுப்படியை ஒட்டிய அறையில் இருந்தார். பதிவாகும்வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்றார் நானா.

முடியாது என்றேன். குடியாள் இருக்கும் வீட்டைக் காலி வீடு என்று எப்படி எழுதுவது? நாளைக்கு அந்த அம்மாள் நான் வாடகைக்கு இருக்கிறேன் என்று சொன்னால் என்ன செய்வது? அந்த மனிதரின் கூடத்தில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பால் இல்லாத வறக்கோப்பியைக் குடித்துக்கொண்டே, அரைமணி நேரம் அவருக்குச் சட்டம் சொன்னேன்.

"கிராணித் தம்பி, நீங்க சொல்றது சட்டம்தான். ஆனா வீட்ட கோசோங்கா, காலியா போட்ற காலமா இது? ஆளு இருந்தாத்தான் அது வீடு. இல்லன்னா வெறும் பலக."

"அப்படின்னா நான் வேற வீடு பாத்துக்கிறேன் நானா."

அவர் மறுநாளே தங்கையையும் பிள்ளைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றினார். வீட்டைப் பெருக்கி, பூட்டி, சாவியை என் மேசைக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு நாளில் பதிவாக வேண்டிய பத்திரம். கையெழுத்துப் போட வேண்டிய ஜப்பானிய அதிகாரியை அன்றைக்கு ஷோனான் என்று அழைக்கப்பட்ட சிங்கப்பூருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எப்போது திரும்புவார் என்று கேட்பதே ஒழுங்கீனம். நாங்கள் தோக்கியோ நேரத்துக்கு, அதாவது இருட்டு விலகும் முன்பே, அலுவலகத்துக்கு வந்து அவருடைய காலி நாற்காலிக்குக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தோம். வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்து ஆகும்வரை போய் இருக்கலாமே என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். பதிவாகும் முன் குடியேறினால் என்ன ஆகும் என்று இரண்டு முறையும் அவளுக்கு விளக்கினேன்.

பதினோராம் நாள் அதிகாரி வந்தார், கையெழுத்துப் போட்டார். முத்திரை மை காய்வதற்குள் சைக்கிளை மிதித்தேன். கதவில் வேறு பூட்டு. அதன் மேல் ஜப்பானிய எழுத்தில் ஒரு பலகை. அதில் எனக்குப் புரிந்தது எண்கள் மட்டும். வாசல் கொடியில் யாருடைய சட்டைகளோ காய்ந்தன. அந்த வட்டாரத்துக்கு ஜப்பான்காரர்கள் நியமித்திருந்த தலைவர் எதிர் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். சண்டைக்கு முன் வீடு வீடாகப் போய் சீட்டுப் பணம் வசூலித்தவர்.

"ரூல் அண்ணே. ஒரு வாரம் பூட்டிக் கெடக்கிற வீட்டையெல்லாம் ஜப்பான்காரன்கிட்ட எழுதிக் கொடுக்கணும். கொடுக்கலன்னா எங்கன்னத்துல அறைவான். உங்க கன்னத்துலயா அறைவான்?"

உள்ளே இருப்பது யார் என்று கேட்டேன்.

"நம்ம மச்சான். காவலுக்கு ஆள் போடச் சொன்னாங்க, போட்டேன். நீங்க ஒரு பூனைய உள்ள விட்டிருந்தாக்கூட ஆளிருக்குன்னு எழுதியிருப்பேன். படிச்சவங்க நீங்க, உங்களுக்கா நான் சொல்லணும்?"

அவன் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு இன்றைக்கும் கை துடிக்கிறது. விதியை எனக்கே படித்துக் காட்டிவிட்டு, என் கதவைத் தன் மச்சானுக்குத் திறந்துவிட்டவன். அவனை அடிக்கவில்லை. அடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு விதி இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செமாபோக் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஒரு பாயப் போட்டுப் படுத்திருந்தாப் போதும்," என்றாள். "நான் கேட்டேன்ல?"

அதன் பிறகு மனு. மூன்று நகல், பத்திரத்தின் பிரதி இணைப்பு, ஜப்பானிய மொழிபெயர்ப்பு, உரிய முத்திரை வில்லை. அது எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. நானே வாங்கி, நானே வரவுப் பதிவேட்டில் ஏற்றி, பக்கத்து மேசைக்கு நீட்டினேன். அங்கே இருந்தவனுக்குக் கோப்பு கட்டக் கற்றுக் கொடுத்ததும் நான்தான். ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, எழுத்து மூலம் கேட்கும்படி சொன்னான். எழுதினேன். அந்தக் கடிதத்தையும் நானே பதிவேட்டில் ஏற்றினேன். ஜப்பான்காரன் காலத்தில் ஒழுங்காவது இருந்தது என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். இருந்தது ஐயா. திருட்டுக்குக்கூட வரிசை எண் இருந்தது.

பிள்ளை தேங்காய் மட்டைகளுக்கு நடுவில் பிறந்தது. மழை ஒழுகும் பக்கத்திலிருந்து ஒழுகாத பக்கத்துக்குப் பாயை இழுத்து இழுத்தே அவள் அதை வளர்த்தாள். நானாவின் தங்கையைப் பின்னால் ஒருநாள் கிளேபாங்கில் பார்த்தேன். மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில், நான் வெளியேற்றிய இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார். நானா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கைச் சைக்கிளில் கட்டி அனுப்பினார். அந்தக் கிழங்கைச் சுமந்துகொண்டு வந்தபோது, தலைவன் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேல் திரும்பியது. அது இன்னும் போகவில்லை.

வீட்டையாவது விட்டுவைத்தார்களா? காவல்காரன் முதலில் ஜன்னல்களை விற்றான். பிறகு உள் சுவர்கள். கடைசி வருடத்தில் பதுங்குகுழிக்கு மரம் வேண்டும் என்று மீதியைப் படை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது சிமெண்டுப் படிகள் நான்கும் கிணறும் இருந்தன. படிகளில் ஏறி நின்றேன். ஏறி எங்கே போவது?

அதனால்தான் பாரங்களோடு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாவியை வாங்கிய அன்றைக்கே உள்ளே போய்ப் படுங்கள். உங்களால் முடியாவிட்டால், முன்பு இருந்தவர்களையே இருக்கச் சொல்லுங்கள். சட்டம் தெரிந்தவன் எவனாவது குறுக்கே வந்தால், அவன் நானாக இருந்தாலும், வெளியே அனுப்புங்கள்.

மனுவுக்குப் பதில் வந்தது. ஜப்பான் சரணடைந்து, அதிகாரிகள் போய்விட்ட பிறகு, அவர்களுடைய மேசைகளை ஒழித்த பியூன் ஒருவர் அதை ஒரு கோப்புத் தட்டிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். மனு பரிசீலிக்கப்பட்டது, வீடு உரிமையாளரிடமே திருப்பித் தரப்படும், ஏழு நாளுக்குள் நேரில் வரவும். முத்திரை சரி, வரிசை எண் சரி, கையெழுத்தும் சரி. எந்தக் கடிதமானாலும் கைக்கு வந்த தேதியை எழுதிவைப்பது என் வழக்கம். மேல் ஓரத்தில் எழுதினேன்: 17 செப்டம்பர் 1945.