வெள்ளை வட்டம், கறுப்பு வட்டம்

மேட்டில் ஏறும்போது மரியானின் இதயம் எப்படித் துடிக்கும், துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் எத்தனை நொடியில் அடங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவளை நேரில் பார்த்ததில்லை. தினமும் காலையில் செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறி, நடுவில் ஒரு முறை மாறி, லவாலில் இறங்கி, பார்த்தேயிராத பெண்களின் நாடித்துடிப்பைக் கணினியில் படமாக வரைவதுதான் என் வேலை. ஊரில் நாடி பார்ப்பவர் கையையாவது பிடிப்பார்.

பயத்லான் என்ற விளையாட்டை, பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊருக்கு வருமுன் நான் கேள்விப்பட்டதில்லை. பனியில் சறுக்கி ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். தவறுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனைச் சுற்று. தூத்துக்குடியில் உப்பளத்து வேலை முடிந்து வந்த அம்மா போனில் கேட்டாள்: “துப்பாக்கி வச்சிருக்கவங்ககிட்டயா வேல பாக்க? படிச்ச படிப்புக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?”

“நான் சுடலம்மா. அவங்க எங்க தப்பு பண்றாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்.”

“அப்போ வாத்தியார் வேலைன்னு சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்கும்தான். ஆறு மாத ஒப்பந்தம் முடியும்போது வேலை நிரந்தரமானால்தான் இந்த நாட்டில் தங்க முடியும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மரியான் நின்றபடி சுடும்போது ஐந்தாவது குண்டில்தான் தவறுகிறாள். நான்கு வரை நிதானம். ஐந்தாவதில் விரல் முந்துகிறது, உடம்பு அதற்குள் ஓடக் கிளம்பிவிடுகிறது. பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி நான் கண்டுபிடித்தது இது. அந்த ஐந்தாவது குண்டை மட்டும் எடுத்து, ஒரு பயிற்சிக்கு ஒரு வட்டம் என்று வரிசையாக வரைந்தேன். பட்டதற்குக் கறுப்பு, தவறியதற்கு வெள்ளை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்விலிருந்து, என்னைத் தூக்கிவிட்ட ஒவ்வொரு தேர்விலும் விடைத்தாளின் வட்டங்களைக் கறுப்பாக நிரப்பித்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். “வெள்ளையா விட்டா பூஜ்யம்டி” என்பார் கணக்கு டீச்சர்.

பயிற்சியாளர் லூக் படத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மரியானின் வரிசையில் பெரும்பாலும் வெள்ளை. “கடைசிக் குண்டில் இவ்வளவு நன்றாகச் சுடுகிறாளா? என் கண்ணுக்குப் படவில்லையே” என்றார் ஆங்கிலத்தில். கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அதன்பிறகு மூன்று வாரம் அவளுக்குக் கடைசிக் குண்டுக்கென்று தனிப் பயிற்சியே தரவில்லை. அணித் தேர்வுப் போட்டியை அலுவலகத் திரையில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இலக்குகள் கறுப்பு. குண்டு பட்டால் வெள்ளையாகிவிடும். என் படத்தின் வெள்ளையையும் லூக் அப்படித்தான் படித்திருக்கிறார். இதற்குமுன் எத்தனையோ காணொளிகள் பார்த்திருக்கிறேன்; எல்லாவற்றிலும் சுடுகிறவளின் விரலைத்தான் பார்த்தேன், இலக்கைப் பார்க்கவில்லை. நான்கு வெள்ளையாயின. ஐந்தாவது கறுப்பாகவே நின்றது. மரியான் தண்டனைச் சுற்றுக்குள் திரும்பினாள். அணியில் அவளுக்கு இடமில்லை என்று அன்று மாலையே அறிவித்தார்கள்.

எந்த நிறம் எதற்கு என்று படத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தேன். யாரும் படிக்காதது என் குற்றமா என்று ஒரு நாள் முழுக்க எனக்குள்ளேயே வாதாடினேன். மறுநாள் லூக்கிடம் போய், பிழை என்னுடையது என்றேன். அவர் தோளைக் குலுக்கி, “செ கொரெக்” என்றார். கொரெக் என்றால் சரி. மனிதர் என்னைப் புரிந்துகொண்டார் என்று நிம்மதியாக வீடு வந்தேன். எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கும் யாழ்ப்பாணத்து மேரி அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அது சரி எண்டில்லை, பிள்ளை. பரவாயில்லை, விடு எண்டு சொல்லுறது. கார்டெரியில சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலைக்குப் போன புதிசில எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை.”

“அப்புறம்?”

“பேந்து கூப்பிடேல்லை.”

புதிதாக இங்கே வருகிறவர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். என்னையும் கூப்பிடவில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று மரியாதையான மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதில் என் பிழையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஐந்தாவது குண்டைப் பற்றி நான் கண்டுபிடித்தது உண்மை என்றாவது சொல்லியிருப்பேன். கடைசி நாள் நிறங்களை மாற்றி, படத்தைத் திருத்தி அனுப்பினேன். அதை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது லூக் கதவைத் திறந்து பிடித்தார். போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த வீட்டிலிருந்தும் அப்படிச் சொல்லிவிட்டு நான் கிளம்பியதில்லை. “ஜ ர்வியென்” என்றேன். போயிட்டு வர்றேன் என்பதற்கு என் பிரெஞ்சில் அவ்வளவுதான் இருந்தது: திரும்பி வருகிறேன். எதையோ எடுக்கப் போகிறேன், இதோ வந்துவிடுவேன் என்று நினைத்தார்போல. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்க, எனக்காகக் கதவைப் பிடித்தபடி அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.