முல்லைத்தீவில் திறக்காத இரண்டு சோடா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு வைகாசி, சனிக்கிழமை. வற்றாப்பளை அம்மன் பொங்கல் திங்களன்று. அதற்கு இரண்டு நாள் முந்தியே யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிவிட்டேன். முல்லைத்தீவில் என்னோடு முன்பு படிப்பித்த யோசேப்பு மாஸ்ரர் இருக்கிறார்; அவரையும் கடலையும் பார்த்த பிறகு அம்மனைப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. பரந்தனில் பஸ் மாறவேண்டும். அங்கிருந்து முப்பத்திரண்டு மைல், கட்டணம் ஒன்றரை ரூபாய். தர்மபுரம் வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு காடும் புழுதியும்தான். வட்டுவாகல் பாலத்தில் உப்புக் காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு நாக்கு வறண்டு போயிருந்தது.

பஸ் நிற்குமிடத்தில் காசிம் நானாவின் கடை. சோடா கேட்டேன்.

"தாகத்துக்கோ, இல்லாட்டி வீட்டை ஆரும் வருகினமோ?" என்றார் நானா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில், சாதி பார்த்துக் கை நனைக்க விருப்பமில்லாத வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த வீட்டுக்காரர் சோடா வாங்கி வைப்பார்கள். மூடி போட்டு வந்தது, அந்த வீட்டுக் கை உள்ளே படாதது. வந்தவருக்கும் மானம் போகாது, வீட்டுக்காரருக்கும் வந்தவரை ஒன்றும் கொடாமல் அனுப்பிய குறை இராது. முல்லைத்தீவு வியாபாரிக்கும் இது தெரிந்திருக்கிறது! தாகத்துக்குத்தான் என்று சொல்லிக் குடித்தேன்.

ஞாயிறு, காலை ஏழு மணி. யோசேப்பர் வேதக்கோயில் பூசைக்குக் கூட்டிப்போனார். நான் சைவன், ஆனால் யார் எதைக் கும்பிட்டாலும் எட்டிப் பார்க்கிற குணம் எனக்கு. சுவாமியார் அன்று பேசியது சாதியையும் இனத்தையும் பற்றி. கடவுள் எல்லாரையும் ஒரே சாயலில் படைத்தார் என்பதை விளக்கி முடித்துவிட்டு, "ஞானஸ்நானத்துக்கு ஊத்திற தண்ணி தலையைப் பாத்துக் கேள்வி கேக்கிறேல்லை" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் கோயில்களில் பிரசங்கத்துக்கு ஆடும் அதே தலையாட்டல்தான்.

பிறகு அவர் வேலையைக் காட்டினார். கடற்கரையில் மீனவர் பருவத்துக்குப் போடும் கொட்டில்களான வாடியில், சிலாபத்திலிருந்து மீன்பிடிக்க வந்திருக்கும் சிங்களவர் அந்தோணிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அன்று பின்னேரம் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக வாடியில் ஒருவர் இருக்கிறார், ஞானத்தாய்க்கு ஆளில்லை. சிங்களவர் தமிழர் கலவரம் நடந்து இரண்டு வருடம்தான். பயத்தில் வாடிக்காரர் போன வருடம் வரவில்லை. இந்த வருடம் வந்தவர்களிலும் மனைவியைக் கூட்டி வந்தது அந்தோணி மட்டும். "ஆர் நிக்கிறியள்?" என்று சுவாமியார் கேட்டார்.

ஆடிய தலைகள் எல்லாம் குனிந்துகொண்டன. ஞானத்தாய் என்றால் ஒரு நாள் காரியமல்ல. சாகும்வரை உறவு, நல்லது கெட்டதுக்குப் போய்வர வேண்டும். கடைசியில் பெண்கள் பக்கத்தில் ஒரு முக்காடு எழும்பியது. யோசேப்பர் "ஐயோ" என்றார். எழும்பியது அவருடைய தமக்கை திரேசா.

கொழும்பில் திரேசாவின் கணவருக்குக் கடை இருந்தது. ஐம்பத்தெட்டில் அதைக் கொளுத்தினார்கள். அகதிக் கப்பலில் வந்து சேர்ந்த கையோடு மனிதர் படுத்தவர், எழும்பவில்லை. அன்றிலிருந்து திரேசாவின் வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல் வந்ததில்லை என்றார் யோசேப்பர். பதினைந்து வருடம் அந்தப் பாஷையில் மீனும் மரக்கறியும் வாங்கியவர்.

கோயில் வாசலில் அந்தோணி கைகூப்பிக்கொண்டு வந்தார். திரேசா அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "பச்சைப் பிள்ளை என்ன செய்தது? அதுக்காண்டி நிக்கிறன். ஆனா உங்கடை வாடியிலை நான் கை நனைக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"சரி அக்கா," என்றார் அந்தோணி.

மத்தியானம் முழுவதும், தலையில் ஊற்றுகிற தண்ணீர் சோற்றுப்பானை வரைக்கும் போகுமா என்று பார்க்கவேண்டுமென்று மனம் அடித்துக்கொண்டது.

பின்னேரம் நான்கு மணி. சடங்கு சிறியது. குழந்தைக்குப் பேச வாயில்லாததால், சுவாமியார் அதனிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஞானத்தாய் அதற்காகப் பதில் சொல்கிறாள். திரேசா பாடம் ஒப்புவிக்கிறவர்போல் சொன்னார். தண்ணீர் பட்டதும் பையன் கோயில் அதிரக் கத்தினான். அவர் தன்னை அறியாமல் அவனை மார்போடு இறுக்கியதைப் பார்த்தேன்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் கோயிலுக்கு வருவதில்லை. ஆகவே ஞானத்தாயே குழந்தையைக் கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுக்கவேண்டும், அதுதான் வழக்கம். மணலில் கால் புதையப் புதைய அவர் முன்னே நடந்தார். யோசேப்பரும் நானும் பின்னே போனோம்.

கிடுகு வேய்ந்த வாடி. பாயில் தாய் மெரி இருந்தாள். ஒரு மூலையில் பாற்சோற்றுச் சட்டியும் மீன்குழம்பும். மற்ற மூலையில் கவிழ்த்த பெட்டியின்மேல் வெள்ளைத் துணி விரித்து இரண்டு சோடாப் போத்தல்கள், பக்கத்தில் திறப்பான். ஒன்று திரேசாவுக்கு, மற்றது யாழ்ப்பாணத்து ஐயாவாகிய எனக்கு!

திரேசா போத்தல்களைப் பார்த்தார். "இது ஆர் சொல்லி வாங்கினது?"

"மெரிதான் அக்கா. அக்காவைக் கரைச்சல்படுத்த வேணாம் எண்டு சொன்னது."

திரேசா குனிந்து குழந்தையை மெரியின் மடியில் வைத்தார். இனித் திரும்பி நடப்பார் என்று நினைத்து நான் வழிவிட்டேன். அவர் பாயில் இருந்துவிட்டார்.

"படகினி," என்றார்.

சிங்களத்தில் பசிக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். மெரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தோணி அவசரப்பட்டுச் சோறு போட, திரேசா மீன்குழம்பை ஊற்றி, கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். யோசேப்பர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மனுக்கு விரதம், மச்சம் தொடேன் என்று ஒரு சாட்டு வைத்திருந்தேன். பாற்சோற்றில் மீன் இல்லாததால் அது பலிக்கவில்லை. வாழைப்பழத்தோடு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது யோசேப்பர் மெல்லக் கேட்டார்: "அக்கா, மனம் ஆறிட்டுதோ?"

"ஆறேல்லை. கடை எரிஞ்சது எரிஞ்சதுதான்," என்றார் திரேசா. "ஆனா அந்தப் பெட்டை எனக்குச் சோடா வாங்கி வைச்சிருக்கிறாள். அதைக் குடிச்சிட்டு நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

திங்கள், காலை ஆறு மணி. வற்றாப்பளை பஸ்ஸுக்கு வந்தேன். திறக்காத போத்தல்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்படி அந்தோணி என்னிடம் தந்திருந்தார். காசிம் நானா மூடிகளைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் திரும்பி வந்திட்டுதோ! அப்ப திரேசா அக்கா சாப்பிட்டவா?"

"சாப்பிட்டவா."

"இப்பிடியே போனால் என்ரை யாவாரம் படுத்திடும்," என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எங்கள் ஊர்ச் சந்திக்கடையில் இப்படிச் சோடா திரும்பி வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே அந்த வியாபாரத்துக்கு ஒரு குறையுமில்லை.

பஸ் வர நேரம் இருந்தது. இரண்டில் ஒன்றை எடுத்து நானாவிடம் நீட்டினேன்.

"உடையுங்கோ நானா. தாகத்துக்குத்தான்."